மேசைமேல் அடையாற்றுப் போர்

போர்க்காவியம் பாடிய ஒரு புலவனின் பெயரால் விளங்கும் ஊர் திருவான்மியூர். வான்மீகியார் வழிபட்ட தலம் என்பது ஊர்ப்பெயருக்கு வழங்கும் மரபு விளக்கம். மருந்தீசர் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், நெடுஞ்சாலையின் நடுவே அவருக்கென்று ஒரு சிறு சந்நிதியும் உண்டு. இவ்வூருக்கு வடக்கே அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் 1746ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் (ஆங்கிலேயர் அன்று கைக்கொண்டிருந்த பழைய நாட்காட்டியின்படி அக்டோபர் 24) ஒரு போர் நடந்தது. அதைப் பாடப் புலவர் எவரும் வரவில்லை. உலகின் பல மூலைகளில் ஈயத்தாலும் நெகிழியாலும் ஆன சிறு வீரர்களுக்கு வண்ணந்தீட்டி, மேசைமேல் அணிவகுத்து, நண்பர்கள் கூடி ஆடும் போர் விளையாட்டுக்காரர்களோ அத்தகைய போர்களையே தேடிப் பிடிக்கிறார்கள். சிறு படை பெரும்படையை எதிர்க்கும் களம் அவர்களுக்கு என்றும் விருப்பமானது.

இவ்விளையாட்டின் வரலாறு சதுரங்கத்தில் தொடங்குகிறது. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையைப் பலகையில் நிறுத்திய அந்த ஆட்டம் பாரசீகம் வழியாக ஐரோப்பா சென்றது. 1780ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் ஹெல்விக் என்னும் கணித ஆசிரியர் அதன் கட்டங்களைப் பெருக்கி, நிலத்தின் மேடு பள்ளங்களையும் சேர்த்துப் புதியதோர் ஆட்டம் அமைத்தார். 1812இல் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் பிரபு கட்டங்களையே நீக்கிவிட்டு, ஆறும் குன்றும் உருவாக்கப்பட்ட ஒரு மேசையை அரசர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்துக்கு அளித்தார். அவருடைய மகன், பீரங்கிப்படை அதிகாரி, 1824இல் அதை நிலப்படத்தின்மேல் ஆடும் முறையாக்கினார். படைகளைக் குறிப்பவை சிவப்பும் நீலமுமான கட்டைகள், நடுவர் ஒருவர், போரின் தற்செயலுக்குப் பகடை. படைத்தலைமை அதிகாரி முஃப்ளிங் ஆட்டத்தைக் கண்டு வியந்து, அதைப் படைப்பிரிவுகள் எல்லாவற்றுக்கும் பரிந்துரைத்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1827இல், அந்த மகன் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். மகாபாரதத்தில் பகடை போருக்கு முன்னர் உருண்டது. ரைஸ்விட்ஸ் அதைப் போருக்குள்ளேயே உருட்டினார்.

முகமற்ற கட்டைகளுக்கு முகம் தந்தவர்கள் பொம்மை செய்வோர். 1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன் நிறுவனம் உள்ளே பொள்ளலான ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியதும், விலை குறைந்து நடுத்தரக் குடும்பங்களில் படைகள் குடியேறின. 1913இல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 'சிறு போர்கள்' என்று பொருள்படும் நூலில், தாமும் நண்பர்களும் தரையில் அமர்ந்து, மரத்துண்டுகளை எறியும் பொம்மைப் பீரங்கிகளோடு ஆடிய ஆட்டத்துக்கு விதிகள் வகுத்தார். இச்சிறு போர் பெரும்போரினும் எவ்வளவோ மேல் என்பது அந்நூலில் அவர் வைத்த வாதம். அடுத்த ஆண்டே உலகப் பெரும்போர் மூண்டது. வாதம் பிழையென்று சொல்ல முடியாது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

வீரனுக்கு வண்ணந்தீட்டும் தொழில் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. நவராத்திரி நெருங்கும்போது மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் பரப்பிவைக்கப்படும் கொலுப் பொம்மைகளை நினைத்துக்கொண்டால் போதும். காஞ்சிபுரத்திலும் பண்ணுருட்டியிலும் மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் அச்சில் எடுத்து உலர்த்திய பொம்மைக்கு முதலில் வெள்ளைப் பூச்சு; பின் உடல்நிறம்; பின் ஆடை; கண்ணைத் திறப்பது கடைசி வேலை. போர் விளையாட்டுக்காரரின் வரிசையும் ஏறக்குறைய இதுவே. அடிப்பூச்சு, அடிநிறம், மடிப்புகளில் தேங்கும்படி நீர்த்த கருவண்ணம், மேடுகளில் மட்டும் படும்படி ஈரமற்ற தூரிகையால் வெளிர்நிறம், இறுதியில் மெருகெண்ணெய். வேறுபாடு அளவில்தான். கொலுப்படியில் செட்டியார் பொம்மை சாண் உயரம் இருக்கும். மேசைச் சிப்பாய் 28 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்.

இந்தியக் கலைஞரே போர்ச் சிற்றுருவம் செய்த காலமும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், வங்காளத்தின் பெர்ஹாம்பூர் முதலிய இடங்களில், யானைத் தந்தத்தில் சதுரங்கக் காய்கள் கடைந்தார்கள். ஒரு பக்கம் கம்பெனிப் படை, மறுபக்கம் சுதேசி மன்னரின் படை. அம்பாரி யானையும் துப்பாக்கி ஏந்திய காலாளும் அச்சு அசலாக அமைந்தன. கம்பெனியின் பெயராலேயே அவை பின்னாளில் அறியப்பட்டன. தோற்றவர் நாட்டுக் கைகள் இரு தரப்பையும் ஒரே பொறுமையோடு செதுக்கின.

இனி அடையாற்றுக்கு வரலாம். 1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைப் பிடித்தனர். நகரம் தம்மிடம் ஒப்படைக்கப்படும் என்று எதிர்பார்த்திருந்த ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் கான், அது நடவாமற்போகவே, மகன் மாபூஸ் கானைப் பத்தாயிரம் பேர் கொண்ட படையோடு அனுப்பினார். நவம்பர் 2ஆம் நாள் கோட்டையிலிருந்து நானூறு பேரும் இரண்டு பீரங்கிகளும் வெளிவந்து முற்றுகையைக் கலைத்தனர். அப்போது நடந்ததை ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் விளக்குகிறார்: கால்மணிக்கு ஒருமுறை பீரங்கி சுட்டாலே போதுமென்று எண்ணியிருந்தவர்கள், ஒரே பீரங்கி ஒரு நிமிடத்தில் ஐந்தாறு முறை சுடுவதைக் கண்டு நிலைகுலைந்தார்களாம். இரண்டு நாள் கழித்து, பராதி என்னும் சுவிஸ் நாட்டுப் பொறியாளர் புதுச்சேரியிலிருந்து ஒரு துணைப்படையோடு அடையாற்றின் தென்கரைக்கு வந்தார். ஓர்ம் தரும் கணக்கில் 230 ஐரோப்பியர், 700 சிப்பாய்கள். தென்திசைக் கடலோரமாக வந்த அப்படை திருவான்மியூர்ப் பக்கமாகவே ஆற்றை அணுகியிருக்கும் என்று ஊகிக்கலாம். வடகரையில், சாந்தோமுக்குத் தெற்கே, மாபூஸ் கானின் படை காத்திருந்தது. பராதியின் படை ஆற்றில் இறங்கிக் கடந்தது. ஒருமுறை சேர்ந்து சுட்டது. துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்தது. எதிர்ப்படை சாந்தோம் தெருக்களுக்குள் சிதறியது.

இந்தப் போரை மேசையில் நிறுத்த முனைபவர் முதலில் எண்ணிக்கையோடு மல்லாட வேண்டும். இருபது பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்தால் நவாபின் பக்கம் ஐந்நூறு பொம்மைகள், ஐரோப்பியர் பன்னிரண்டு, சிப்பாய்கள் முப்பத்தைந்து. பொம்மைக்கு ஒரு மணி நேரம் என்றாலும் மாபூஸ் கானுக்கு ஐந்நூறு மணி நேரம் தூரிகை பிடிக்க வேண்டும். இரு தரப்பும் சமமற்ற ஆட்டம் தமிழருக்கு விளங்காததன்று. மூன்று புலியும் பதினைந்து ஆடும் மோதும் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகள் எத்தனையோ கோயில் தளங்களில் இன்னும் அழியாமல் கிடக்கின்றன. அங்கே புலிக்கு ஒரு விதி, ஆட்டுக்கு ஒரு விதி. ஆயினும் திறமையாக ஆடினால் ஆடுகள் புலிகளைக் கட்டிவிடலாம். அடையாற்று மேசையில் அந்த வாய்ப்பு உண்டா என்பதுதான் கேள்வி.

ஏனெனில் இவ்விளையாட்டின் உயிர்நிலை பகடையிலோ பொம்மையிலோ இல்லை. மனத்திண்மை பற்றிய விதியில் இருக்கிறது. எத்தனை பேர் விழுந்தால் ஓர் அணி தயங்கும், எப்போது பின்வாங்கும், எப்போது ஓடும் என்று விதிநூல் அணிதோறும் ஓர் எண் வகுத்துவிடும். அடையாற்றுப் போரை உள்ளபடி மறுபடி நிகழ்த்த விரும்புபவர், நவாபின் காலாட்படைக்கு மிகத் தாழ்ந்த எண்ணைத் தருவார். முதல் வேட்டிலேயே ஓடும்படி அமைப்பார். ஆட்டம் நூலோடு ஒத்துவரும். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது? ஓர்மிடமிருந்து, 1868இல் பிரெஞ்சுக்காரரின் இந்திய வரலாறு எழுதிய மாலிசனிடமிருந்து. ஒழுங்குற்ற சிறு ஐரோப்பியப் படை எத்தகைய கீழைப் பெரும்படையையும் சிதறடிக்கும் என்பதற்கு அடையாற்றையே முதல் சான்றாக அவர்கள் காட்டினர். அவ்வாறு எழுதப்பட்ட கருத்து, நாளடைவில் இயற்கை விதிபோல் ஆட்டநூலில் ஏறி அமர்ந்துகொள்கிறது.

அந்த எண்ணைச் சோதித்துப் பார்க்க ஒரு களம் உண்டு. 1780 செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஐதர் அலியும் திப்புவும் வளைத்து அழித்தனர். ஒழுங்கு, வேட்டு, முனைக்கத்தி எல்லாம் பெய்லியிடம் இருந்தன. மைசூர்ப் பக்கம் இருந்தவை பீரங்கியும் ஏவுகணையும் குதிரைப்படையின் வேகமும். அடையாற்றுக்கென வகுத்த எண்ணைப் புள்ளலூருக்குக் கொண்டுபோனால் பெய்லி வென்றுவிடுவார்! ஆகவே இந்தியப் படைக்கென்று ஒரே எண் வகுப்பது செல்லாது; தலைமை, பழக்கம், முன் அனுபவம், அன்றைய நிலம் ஆகியவற்றுக்கே எண் தரவேண்டியிருக்கிறது. அப்படி எண்ணித்தான் பார்த்தால், இரண்டு நாள் முன்பு காணாத வேகத்தில் சுடும் பீரங்கியைக் கண்டு கலங்கிய படை, ஆற்றைத் தடையென நம்பியிருந்த படை, அது கடக்கப்பட்டதும் கலைந்தது என்பதில் இனத்தின் இயல்பு எதுவும் இல்லை.

புள்ளலூர்ப் போர் நல்லூழுடையது. அதற்கு ஓவியம் கிடைத்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் திப்பு தீட்டுவித்த அந்தப் பெருஞ்சித்திரத்தில், வரிசை வரிசையாக வீரர்கள். நடுவே வெடித்துச் சிதறும் மருந்துவண்டி. பல்லக்கில் காயத்தோடு பெய்லி. திப்புவை வென்றவர்களே அதைப் புதுப்பித்துக் காத்தனர் என்பது வரலாற்றின் குறும்பு. பொம்மைக்கு வண்ணந்தீட்டுபவர் தலைப்பாகைக்கும் அரைக்கச்சைக்கும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொள்ளலாம். அடையாற்றுக்கு அப்படியொரு சுவர் இல்லை. பராதியோடு ஆற்றில் இறங்கிய எழுநூறு சிப்பாய்களை எந்நிறத்தில் தீட்டுவது? கம்பெனிச் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை என்னும் வழக்கம் பிற்காலத்தது. ஆனந்தரங்கப் பிள்ளை அக்காலத்துப் புதுச்சேரியின் நடப்பை நாள்தோறும் தமிழில் எழுதிவைத்தவர். அவர் ஏட்டிலும் சிப்பாயின் சட்டை நிறத்தைத் தேடிச் செல்பவர் வணிகத்தையும் அரசியலையும் கடந்து நெடுந்தூரம் போகவேண்டும். பராதியின் பெயர் இருக்கிறது, மாபூஸ் கானின் பெயர் இருக்கிறது. எழுநூற்றுவரில் ஒருவர் பெயரும் ஓர்மின் பக்கத்தில் இல்லை. சதுரங்கத்தில் முதல் வரிசைக் காய்க்கும் தமிழில் சிப்பாய் என்றே பெயர் வழங்குகிறது.

புறத்திணை பயின்றவர்களுக்கு இவ்விளையாட்டில் அந்நியம் எதுவும் தோன்றாது. ஆநிரை கவர்பவர் வெட்சி சூடுவர், மீட்பவர் கரந்தை, படையெடுப்பவர் வஞ்சி, எதிர்நின்று காப்பவர் காஞ்சி, மதில் காப்பவர் நொச்சி, மதில் வளைப்பவர் உழிஞை, களத்தில் கைகலப்பவர் தும்பை, வென்றவர் வாகை. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை துறைதுறையாக வகுத்துரைப்பது போரின் ஒழுங்கையே; எந்நிலைக்கு எது பின்வரும், யார் எதைச் சூடுவர் என்பதை முன்னரே தெரிவிக்கும் விதிநூல் அது. மேசைவீரனின் சட்டைநிறம் செய்யும் வேலையை அங்கே பூ செய்கிறது. ஆனால் அவ்விலக்கணத்தில் ஆட்டநூல் எதிலும் இல்லாத ஒரு துறை உண்டு. தலைவன் மாய்ந்தபின் ஆற்றாது புலம்பும் கையறுநிலை அது. மேசைமேல் விழுந்த பொம்மை ஓரமாக எடுத்துவைக்கப்படுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி அணியில் நிற்கிறது.

கல்லிலும் அத்துறை தொடர்ந்தது. செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களில், ஆநிரைப் பூசலில் பட்ட எளிய வீரனின் உருவமும், அவன் பெயரும், அவன் யாருடைய சேவகன் என்பதும் பொறிக்கப்பட்டுள்ளன. ஓர் ஊர்ப் பூசலில் வீழ்ந்தவனுக்குக் கிடைத்த அந்தக் கல், ஆயிரம் ஆண்டுகள் கழித்து இரு பேரரசுகளின் போட்டியில் ஆற்றைக் கடந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

பொம்மைப் படை சேர்ப்போரிடம் ஒரு வழக்கம் உண்டு. தீட்டி முடித்த ஒவ்வோர் அணியின் அடித்தட்டின் கீழும் சிறு எழுத்தில் படைப்பிரிவின் பெயரையும் தலைவனின் பெயரையும் எழுதி வைப்பார்கள். பெட்டியிலிருந்து எடுக்கும்போது குழப்பம் நேராது. அடையாற்று மேசையில் பராதியின் தட்டிலும் மாபூஸ் கானின் தட்டிலும் பெயர் எழுதலாம். முப்பத்தைந்து சிப்பாய்களில் ஒருவன் தலைப்பாகைக்கு ஊதா, ஒருவனுக்குக் காவி, ஒருவனுக்கு வெளுத்த வெள்ளை என்று ஊகத்தாலே தீட்டி, தட்டைத் திருப்பினால், அங்கே எழுதக் கிடைப்பது '1746, புதுச்சேரிச் சிப்பாய்கள்' என்பது மட்டுமே.