போர்ட் முன்னனுப்பல்

போர்ட் முன்னனுப்பல் என்பது, இணையத்திலிருந்து ஒரு திசைவியின் குறிப்பிட்ட போர்ட் எண்ணுக்கு வரும் தரவுப் பொதிகளை, அத்திசைவிக்குப் பின்னாலுள்ள குறிப்பிட்ட கணினிக்கு அனுப்பிவைக்கும் முறை ஆகும். ரூட்டர் எனப் பரவலாக அழைக்கப்படும் திசைவியின் வழியாக இணைய விளையாட்டுகளை நடத்துவதற்கு இம்முறை பயன்படுகின்றது.

தேவை

ஐ.பி. பதிப்பு 4 முகவரி 32 இருமங்களால் ஆனது. எனவே ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உள்ளன. இப்பற்றாக்குறையைச் சமாளிப்பதற்கான வலையமைப்பு முகவரிப் பெயர்ப்பு என்னும் முறையின் தொடக்க வடிவம், 1994 ஆம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. 1631 என்னும் ஆவணத்தில் விளக்கப்பட்டது. இம்முறையைப் பின்பற்றும் வீட்டு வலையமைப்பில், கணினிகள் 192.168.1.5 போன்ற உள் முகவரிகளைப் பெறுகின்றன. வெளியே தெரிவது திசைவியின் முகவரி மட்டுமே.

உள்ளிருந்து ஒரு கணினி பொதியை அனுப்பும்போது, திசைவி அதனைத் தன் அட்டவணையில் குறித்துக்கொள்கின்றது. மறுமொழி வந்ததும் அக்குறிப்பைப் பார்த்து உரிய கணினியிடம் சேர்க்கின்றது. வெளியிலிருந்து ஒருவர் முதலில் அனுப்பும் பொதிக்கு அட்டவணையில் குறிப்பு இராது. ஆகவே அது கைவிடப்படுகின்றது.

விளையாட்டுகளில் விளைவு

விளையாட்டு நிறுவனத்தின் வழங்கியுடன் இணைந்து ஆடுவோருக்குப் பொதுவாகச் சிக்கல் எழுவதில்லை. இணைப்பைத் தொடங்குவது அவர்களது கணினியே. தன் கணினியையே வழங்கியாக்கி நண்பர்களை அழைப்பவரும், ஆடுவோரின் கருவிகள் நேரடியாக இணையும் விளையாட்டை ஆடுபவரும் இத்தடையைச் சந்திக்கின்றனர். எடுத்துக்காட்டாக, மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பு வழங்கி, இயல்பாக டி.சி.பி. 25565 போர்ட்டில் இணைப்புகளை எதிர்பார்க்கின்றது. 1996 இல் வெளிவந்த குவேக் விளையாட்டு யு.டி.பி. 26000 போர்ட்டைப் பயன்படுத்தியது.

அமைக்கும் முறை

1. விளையாட்டுக் கணினிக்கு மாறாத உள் முகவரி ஒதுக்கப்படுகின்றது. முகவரி மாறினால் விதி வேறு கருவியைச் சுட்டும்.
2. உலாவியில் 192.168.1.1 போன்ற திசைவி முகவரியை இட்டு, அமைப்புப் பக்கம் திறக்கப்படுகின்றது.
3. போர்ட் எண், டி.சி.பி. அல்லது யு.டி.பி. என்னும் நெறிமுறை, கணினியின் உள் முகவரி ஆகியன விதியாகப் பதியப்படுகின்றன.
4. கணினியின் தீச்சுவரிலும் அவ்விளையாட்டுக்கு அனுமதி தரப்படுகின்றது.

வீட்டுக்கு வெளியேயுள்ள இணைப்பிலிருந்து சோதித்தால்தான் முடிவு உறுதியாகும்.

பாதுகாப்பு

திறந்த போர்ட் நண்பருக்கு மட்டுமன்றி, இணையத்திலுள்ள எவருக்கும் திறந்ததே. எனவே தேவையான போர்ட்டை மட்டும் திறப்பதும், ஆட்டம் முடிந்தபின் விதியை நீக்குவதும், வழங்கி மென்பொருளை இற்றைப்படுத்துவதும் நல்லது. வீட்டுத் திசைவிகளில் டி.எம்.இசட். எனப்படும் வசதி, தனி விதி இல்லாத எல்லாப் பொதிகளையும் ஒரே கணினிக்கு அனுப்புவதால் இடர் மிகுந்தது. யு.பி.என்.பி. வசதி, விளையாட்டுகள் தாமாகவே போர்ட்டைத் திறக்க உதவுகின்றது. ஆயினும் வீட்டுக்குள் புகுந்த தீநிரலும் அதனைப் பயன்படுத்தக்கூடும்.

வரையறைகள்

சில இணையச் சேவை வழங்குநர்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்கின்றனர். இதற்கென 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள் 2012 இல் ஒதுக்கப்பட்டன. திசைவியின் வெளிமுகவரி இவ்வரம்பில் இருந்தால், வீட்டுத் திசைவியில் இடும் விதி மட்டும் பயன் தராது. வழங்குநரிடம் பொது முகவரி கோர வேண்டும். 128 இருமங்கள் கொண்ட ஐ.பி. பதிப்பு 6 இல் முகவரிப் பெயர்ப்பு பொதுவாகத் தேவைப்படுவதில்லை. எனினும் திசைவியின் தீச்சுவரில் அனுமதி அளிக்க வேண்டியிருக்கும்.