விறகு மரம் பலகையான கதை

சுங்கை வே என்றால் 1972இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக மண்டலமும் மின்னணுத் தொழிற்சாலைகளும் பலருக்கு நினைவுக்கு வரும். கதவும் அலமாரியும் செய்து விற்கும் எனக்கு நினைவுக்கு வருவது கித்தா மரம்.

தோட்டங்களில் நம் தமிழர் பால் வெட்டிய மரம் அது. சுமார் 25, 30 ஆண்டில் பால் குறைந்ததும் வெட்டி விறகாக எரித்தார்கள். அறுத்துப் போட்டால் சில நாட்களில் பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும். போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980களில் அதே மரம் மேசை நாற்காலியாகிக் கப்பலேறியது.

உலர்த்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருமுறை அவசரப்பட்டு ஈரப் பலகையில் அலமாரி செய்து கொடுத்தேன். இரண்டே மாதத்தில் கதவு கோணிவிட்டது. என் செலவில் புதிதாகச் செய்து கொடுத்தேன். அளவில் குறைப்போரைக் குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது. ஈரத்தை மறைத்து விற்பதும் அதில் அடங்கும் என்று அன்று புரிந்தது.