மூன்று செக்கன்

கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் எமது குழுவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். பாடம் நடத்தும்போது கைத்தொலைபேசியை மேசையில் வைத்து ஒலிப்பதிவு செய்துகொண்டோம். இரவு விடுதியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுக் கேட்டோம்.

முதலில் எங்கள் குரலைக் கேட்டு நாங்களே சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு 40 நிமிடப் பாடத்தில் "விளங்கிச்சா புள்ளையள்?" மட்டும் 17 தடவை. ஒவ்வொரு தடவையும் வகுப்பே சேர்ந்து "ஓம் சேர்!" யாருக்கு விளங்கியது, யாருக்கு விளங்கவில்லை என்று அந்த "ஓம் சேர்"-இல் இருந்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது. எங்களில் ஒருவர், "ஒளித்தொகுப்புக்குத் தேவையான வாயு எது?" என்று கேட்கிறார். பிள்ளை வாயைத் திறக்க முன்னரே "காப..." என்று பாதிச் சொல்லைத் தானே கொடுத்துவிட்டு, "...னீரொட்சைட்டு" என்ற மீதியை வகுப்பிடம் வாங்கிக்கொள்கிறார். அதற்குப் பெயர் வினாவுதல். பாடக்குறிப்பிலும் அப்படித்தான் எழுதியிருந்தோம்.

இது எங்கள் ஐந்து பேரின் குறை மட்டும்தானா என்று தேடிப் பார்த்தோம். இல்லை. 1912ஆம் ஆண்டிலேயே ரோமியட் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி உயர்நிலைப் பாடசாலை வகுப்புகளில் உட்கார்ந்து ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகளை எண்ணியிருக்கிறார். சில பாடங்களைச் சுருக்கெழுத்தில் சொல்லுக்குச் சொல் பதியவும் செய்தார். ஓர் ஆசிரியர் ஒரு நாளில் சராசரியாக 395 கேள்விகள் கேட்டார். நிமிடத்துக்கு இரண்டு முதல் நான்கு. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு, பாடமாக்கியதைத் திருப்பிச் சொல்லவைக்கும் கேள்விகள். இந்த வேகத்தில் எந்தப் பிள்ளை யோசிக்கும்?

அமெரிக்காவின் கதை வேறாக இருக்கலாம். எமது நாட்டில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பழைய வேர் இருப்பதாக எமக்குப் படுகிறது. இங்கிலாந்தில் 1862இல், பிள்ளைகள் பரீட்சையில் காட்டும் பெறுபேற்றுக்கு ஏற்பப் பாடசாலைக்குப் பணம் கொடுக்கும் முறை வந்தது. இலங்கையில் 1869இல் பொதுப் போதனாத் திணைக்களம் உருவானது. அடுத்த ஆண்டே உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்கு அதே முறை வந்து சேர்ந்தது. பரிசோதகர் வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று கேட்பார். சரியாகச் சொன்ன பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம். அப்படிப்பட்ட இடத்தில் ஆசிரியர் என்ன செய்வார்? வரப்போகும் கேள்வியை முன்கூட்டியே கேட்டு, வரவேண்டிய விடையை வாயில் ஊட்டுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, சம்பளம் அதில் இருந்தது. அந்த முறை ஒழிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் எந்தத் தரம் 5 வகுப்பின் யன்னலோரம் நின்றாலும் அந்தப் பரிசோதகரின் காலடிச் சத்தம் கேட்கும்.

பிறகு 1956இல் ப்ளூமின் வகைப்பாடு வந்தது. நினைவுகூர்வதற்கு மேலேயும் படிகள் உண்டு என்று அது காட்டியது. அந்த ஆறு படிகளையும் நாம் எப்படிப் படித்தோம் தெரியுமா? வரிசையாக மனனம் செய்து, பரீட்சைத் தாளில் வரிசையாக எழுதினோம்!

எங்களை உண்மையில் உலுக்கியது மேரி பட் ரோ என்பவரின் ஆய்வு. விஞ்ஞானக் கல்வியில் இருந்தவர். 1970களில் வெளிவந்த கட்டுரைகளில் இதை எழுதினார். நூற்றுக்கணக்கான பாட ஒலிப்பதிவுகளைக் கேட்டு, கேள்விக்கும் ஆசிரியர் மறுபடி பேசத் தொடங்குவதற்கும் இடையிலுள்ள மௌனத்தை அளந்தார். சராசரி, ஒரு செக்கன். அதற்குள் விடை வராவிட்டால் கேள்வி மாறும், அல்லது பிள்ளை மாறும். அந்த மௌனத்தை மூன்று செக்கன், அதற்குச் சற்றுக் கூட என்று நீட்டிப் பார்த்தபோது விடைகள் நீண்டன. "தெரியாது" குறைந்தது. பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். மெல்லக் கற்பவர்கள் என்று ஒதுக்கியவர்களும் பேசினார்கள்.

இன்னொன்றும் செய்தார். வகுப்பின் முதல் ஐந்து பேரையும் கடைசி ஐந்து பேரையும் ஆசிரியர்களிடமே பெயர் கேட்டு வாங்கினார். முதல் ஐவருக்குக் கிடைத்த காத்திருப்பு, கடைசி ஐவருக்குக் கிடைத்ததைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. யாருக்கு நேரம் கூடத் தேவையோ அவருக்குத்தான் குறைவு. நாங்கள் எங்கள் பதிவுகளை மறுபடி போட்டுக் கேட்டோம். அதேதான்.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஸஹீஹுல் புஹாரியின் கல்விப் பாடத்தில் வரும் பேரீச்ச மரத்தின் ஹதீஸ் நினைவுக்கு வந்தது. இலை உதிராத ஒரு மரம், அது முஸ்லிமுக்கு உவமை, அது எது என்று நபி (ஸல்) அவர்கள் சபையில் கேட்கிறார்கள். எல்லோர் மனமும் பாலைவன மரங்களில் அலைகிறது. இளையவரான இப்னு உமர் (ரழி) அவர்களுக்கு விடை தெரியும். பெரியவர்கள் இருக்கும் சபையில் வெட்கப்பட்டு வாய் திறக்கவில்லை. பின்னர் தந்தையிடம் சொன்னபோது, நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ விருப்பமாக இருந்திருக்கும் என்ற கருத்தில் உமர் (ரழி) அவர்கள் பதில் சொன்னார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட ஹதீஸ். அதில் வகுப்பறையின் பின்வாங்கு ஒன்று இருப்பதை அன்றுதான் கண்டோம். வாய் திறக்காத பிள்ளைக்கு விடை தெரியாது என்று எத்தனை பேரை நாம் முடிவு கட்டியிருப்போம்?

அடுத்த வாரம் முயன்று பார்த்தோம். கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று. கேட்க இலேசு, நின்று பார்த்தால் தெரியும். முதல் நாள் கை உதறியது, வகுப்பு கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம். பின்னால் இருந்து மேற்பார்த்த விரிவுரையாளர், சேர் பாடத்தை மறந்துவிட்டாரோ என்று நினைத்தாராம்.

எங்களில் ஒருவரின் தரம் 7 வகுப்பில், தவணை முழுக்கப் பேசாத ஒரு பிள்ளை இருந்தாள். "இரவிலும் மரம் சுவாசிக்குமா?" என்ற கேள்விக்கு மூன்று செக்கன் கடந்து, நான்கும் கடந்து, அவள் மெதுவாக எழுந்தாள். விடை சொல்லவில்லை. "சேர், அப்ப பகல்ல அது ரெண்டு வேலையும் ஒண்டாவா செய்யும்?" என்று கேட்டாள்.

அந்தப் பதிவில் அதற்குப் பிறகு ஒரு நீண்ட மௌனம். இந்தத் தடவை யோசித்தது சேர்.