ஆயிரம் டாலர் முதலும் ஒரு கலாசாலை மாணவனும்

கலாசாலை திறக்கும் ஆனி மாதம் வந்துவிட்டால் நம் இல்லங்களில் நிகழும் சம்பாஷணை பெரும்பாலும் ஒன்றே. பையனை எந்தப் பிரிவிற் சேர்ப்பது, சம்பளம் கட்ட யாரிடம் கடன் வாங்குவது என்பது முதல் வினா. படித்து முடித்தபின் எந்த உத்தியோகம் கிடைக்கும் என்பது இரண்டாவது. படிக்குங் காலத்திலேயே அவன் ஒரு சிறு வர்த்தகம் நடத்தித் தன் சம்பளத்தைத் தானே தேடிக்கொள்ளலாகாதோ என்று கேட்பார் மிகச் சிலர். கேட்டாலோ, "படிப்புக் கெட்டுப்போகும்" என்ற ஒரே வார்த்தையால் வீட்டுப் பெரியோர் வாயடைத்துவிடுவர். அவ்வச்சம் பொருளற்றதென்று யாம் கூற முற்படவில்லை. ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்த சரித்திரம் ஒன்றை நம் சங்கத்து அங்கத்தினர் அறிந்திருத்தல் நலமென்று கருதி ஈண்டு எழுதலுற்றோம்.

1965-ம் ஆண்டில் கனெக்டிகட் மாகாணத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் பிரெட் டெலூக்கா என்னும் பதினேழு வயது இளைஞர் உயர்தரப் பள்ளிப் படிப்பை முடித்தார். வைத்தியராக வேண்டுமென்பது அவர் அவா. குடும்பமோ செல்வக் குடும்பமன்று. இரும்புச்சாமான் கடை ஒன்றில் மணிக்கு ஒன்றேகால் டாலர் கூலிக்கு வேலை செய்துவந்த அவருக்கு, அக்கூலியைக் கொண்டு கலாசாலைச் சம்பளம் கட்ட ஒருக்காலும் இயலாதென்பது தெளிவாகவே இருந்தது.

அவ்வாண்டு ஜூலை மாதத்தில் பழைய குடும்ப நண்பர் ஒருவர் வீட்டு விருந்துக்கு அவர்கள் சென்றனர். அந்நண்பர் பீட்டர் பக் என்பவர், அணுப் பௌதிகத்தில் தேர்ந்த பண்டிதர். படிப்பிற்குப் பணம் தேட வழி என்னவென்று டெலூக்கா அவரை வினவினார். இவர் கடனாகவோ உதவியாகவோ சிறிது தொகை தருவார் என்பதே இளைஞரின் உள்ளக்கிடக்கை. பக் தந்த விடையோ வேறு. நீண்ட ரொட்டியைப் பிளந்து இறைச்சி, பாலாடைக்கட்டி, காய்கறிகளை உள்ளடைத்து விற்கும் கடை ஒன்றை வைக்குமாறு கூறினார். நீர்மூழ்கிக் கப்பலின் வடிவை ஒத்திருத்தலால் அவ்வுணவை 'சப்மரீன்' என்று அந்நாட்டார் வழங்குவர். யோசனை கூறியதோடு நில்லாமல் ஆயிரம் டாலருக்குக் காசோலையும் எழுதிக் கொடுத்தார். அக்காலத்து நாணயமாற்றின்படி அது சற்றேறக்குறைய 4,760 ரூபாய் ஆகும்.

இவ்விடத்தில் நம் நேயர்கள் சிறிது நின்று கவனிக்க வேண்டும். அப்பணம் தருமமுமன்று, வட்டிக்கு விட்ட கடனுமன்று. பக் கூட்டாளியாகச் சேர்ந்தார். லாபமாயினும் நஷ்டமாயினும் இருவர்க்கும் உரியது. (பங்காளி என்றவுடன் நம்மவர்க்குப் பாகப்பிரிவினை வழக்கே நினைவிற்கு வரும், இவர் அவ்வகையினர் அல்லர்.) நம் செல்வர்கள் ஏழை மாணவர்க்கு உபகாரச் சம்பளம் அளிப்பது போற்றத்தக்கதே. ஆனால் ஒரு பையனுடைய கடையில் தம் பணத்தோடு தம் பொழுதையும் முடக்க முன்வருவோர் எத்தனை பேர்?

1965 ஆகஸ்டு 28-ம் நாள் கடை திறக்கப்பட்டது. அன்று ஒரு நாளில் மட்டும் 312 ரொட்டிகள் விற்றனவாம். இத்துடன் கதை முடிந்திருப்பின் இதனை எழுதவேண்டிய அவசியமே இராது. கோடை கழிந்தது, குளிர்காலம் வந்தது, விற்பனை படுத்துவிட்டது. கடை இருந்த இடமோ போவோர் வருவோர் கண்ணில் எளிதிற் படாத இடம். நஷ்டம் நாளுக்கு நாள் மிகுந்தது. மூடிவிடுவதே உத்தமம் என்று எவரும் கருதியிருப்பர். கூட்டாளிகள் இருவரும் ஆலோசித்து, மூடுவதற்குப் பதிலாக இரண்டாவது கடையைத் திறந்தனர்! இரண்டு கடைகள் இருப்பின் இவர்கள் தொழில் செழிக்கிறதென்று ஊரார் எண்ணுவர், பெயரும் பரவும் என்பது அவர்கள் கணக்கு. விவேகிகள் இதனைக் கேட்டு நகைப்பர். யாமும் இதனைப் பின்பற்றத்தக்க உபாயமென்று சிபாரிசு செய்யோம். மூன்றாவது கடையைப் பலர் கண்ணிற் படும் இடத்தில் வைத்த பின்னரே நிலைமை தெளிந்தது.

எம் கருத்தில், அவர்களைக் காத்தவை வேறிரண்டு வழக்கங்கள். திங்கட்கிழமை இரவுதோறும் டெலூக்கா பக்கின் வீட்டிற்குச் சென்று, உணவருந்தி, அவ்வாரத்து வரவுசெலவைக் கூட்டாளியின் முன் வைப்பார். எவ்வளவு விற்றது, எவ்வளவு மிஞ்சியது என்று இருவரும் ஆராய்வர். இரண்டாவது, சரக்குக் கொடுத்தோர்க்குரிய தொகையைத் தபாலில் அனுப்பாமல் வாரந்தோறும் தாமே நேரிற் சென்று காசோலையைக் கையில் கொடுத்துவருவார். முகம் பழகியது, நாணயம் பதிந்தது. கையில் ரொக்கம் குறைந்த நாட்களில் அந்நன்மதிப்பே முதலாக நின்றது. மண்டிக்கடைகளில் வளர்ந்த நம் முதியோர்க்கு இது புதுமையன்று. அவர்தம் பேரப்பிள்ளைகட்குத்தான் எடுத்துக் கூறவேண்டியிருக்கிறது.

பெயர் மாறிய வரலாறு வேடிக்கையானது. 'பீட்ஸ் சூப்பர் சப்மரீன்ஸ்' என்பது முதலில் வைத்த பெயர். வானொலி விளம்பரத்தில் அது 'பீட்சா மரீன்ஸ்' என்று காதில் விழவே, சுருக்கிச் சுருக்கி 1968-ல் 'சப்வே' என்றாக்கினர். பத்து ஆண்டுகளில் 32 கடைகள் வைப்பதென்று தொடக்கத்திலேயே திட்டம் வகுத்திருந்தனர். 1974-ல் எண்ணிப் பார்க்கையில் பதினாறே இருந்தன. அப்பொழுதுதான், பிறர் தம் முதலைப் போட்டு இப்பெயரால் கடை நடத்தி, விற்பனையில் ஒரு பங்கைச் செலுத்தும் முறையைக் கைக்கொண்டனர். அதன்பின் உலக முழுவதும் நாற்பதினாயிரத்திற்கு மேற்பட்ட கடைகள் எழுந்தன. அம்முறையில் குறையும் உண்டு: நூற்றுக்கு எட்டு வீதம் செலுத்துதல் பாரமென்றும், ஒரே வட்டாரத்தில் கடைகள் நெருங்கிவிட்டன என்றும் கடைக்காரர் பலர் முறையிட்டனர். 2015-க்குப் பின் அந்நாட்டில் சில ஆயிரம் கடைகள் மூடப்பட்டதும் உண்மை. டெலூக்கா 2015-லும் பக் 2021-லும் காலமாயினர். பக் தம் பாதிப் பங்கைத் தரும ஸ்தாபனம் ஒன்றிற்கு எழுதிவைத்திருந்தார். கம்பெனி 2024-ல் வேறொருவர் கைக்கு மாறியது.

இனி, படிப்புக் கெட்டதா என்பது. டெலூக்கா கடையை நடத்திக்கொண்டே பிரிட்ஜ்போர்ட் சர்வகலாசாலையிற் பயின்றார். நான்கு ஆண்டில் முடியவேண்டியது ஆறு ஆண்டாயிற்று. 1971-ல் மனோதத்துவத்தில் பட்டம் பெற்றார். வைத்தியராகவில்லை. வைத்தியப் படிப்பிற்குப் பணம் தேடுவதற்கென்றே தொடங்கிய தொழிலாதலாலும், பக் டாக்டர் பட்டம் உடையவராதலாலும், தம் கம்பெனிக்கு 'டாக்டர்ஸ் அசோசியேட்ஸ்' என்று அவர்கள் பெயரிட்டிருந்தனர். அப்பெயர் மட்டும் கடைசிவரை நிலைத்தது.