மந்தகதிப் பணிவிமானங்கள்

நீண்ட ஓடுபாதையையும் பெரும் வேகத்தையும் வேண்டாமல், புல்தரையிலும் ஆற்று மணலிலும் மலையிடைத் திடலிலும் இறங்கி ஏறத்தக்கனவாய், சரக்கு, தபால், நோயாளர், பயிர்மருந்து முதலியவற்றைச் சுமப்பதற்கென்றே உறுதியாகக் கட்டப்பட்ட சிறு விமானங்கள் இத்தலைப்பின்கீழ் அடங்கும். வேகமே விமானத்தின் பெருமை என்று பொதுமக்கள் கருதினும், அனுபவம் மிக்க விமானிகள் இவற்றின்மீது தனி அபிமானம் கொண்டிருப்பது விமான சரித்திரத்தின் விசேஷங்களுள் ஒன்றாகும்.

இலக்கணம்: விமானத்தைத் தாங்கும் ஏற்றவிசை இறக்கையின் பரப்பையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது; ஆதலால் பரப்பைப் பெருக்கி எடையைச் சுருக்கினால் குறைந்த வேகத்திலேயே விமானம் காற்றில் நிற்கும். இறக்கையின் பின்விளிம்பில் கீழ்நோக்கி மடியும் ஃபிளாப் அதன் வளைவைக் கூட்டி ஏற்றவிசையை மிகுவிக்கிறது. முன்விளிம்பில் அமையும் ஸ்லாட் என்னும் இடைவெளி, விமானத்தின் மூக்கு மிக உயர்ந்த நிலையிலும் காற்றோட்டம் இறக்கையின் மேற்பரப்பை விட்டு விலகாதவாறு காத்து, ஸ்டால் என்று விமானிகள் அஞ்சும் ஏற்றவிசை இழப்பைத் தள்ளிப்போடுகிறது. இறங்கும் வேகம் பாதியாகுமாயின், தரையில் ஓடவேண்டிய தூரம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகும். இவ்விமானங்களின் சாமர்த்தியம் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே அடங்கியுள்ளது.

வகைகள்: தொழிலை நோக்க இவை பார்வை விமானம், சுமை விமானம், வேளாண் விமானம், பயிற்சி விமானம் என நால்வகைப்படும். கால் அமைப்பை நோக்கச் சக்கரமுடையவை, மிதவையுடையவை, பனிச்சறுக்குடையவை என மூவகைப்படும். ஒரே விமானத்துக்குப் பருவத்துக்கேற்ப இம்மூன்றையும் மாற்றிப் பொருத்துவதும் உண்டு. சக்கரமுடையவற்றுள் மூக்கின்கீழ்ச் சிறுசக்கரம் கொண்டவை ஓடுபாதையில் எளிதாக நேரே ஓடும். வாலின்கீழ்ச் சக்கரம் கொண்டவையோ விமானி கவனம் தவறினால் தரையில் சுழன்றுவிடும் இயல்பின. எனினும், சுழல்விசிறியை மண்ணுக்கும் கல்லுக்கும் எட்டாத உயரத்தில் நிறுத்துவதால் கரடுமுரடான நிலத்துக்கு இவையே உத்தமமானவை. இறக்கையை நோக்க, உடலுக்கு மேலே ஒற்றை இறக்கை உடையவை, இரட்டை இறக்கை உடையவை எனப் பெரும்பாலும் இருதிறப்படும். மேலிறக்கை கீழே உள்ள நிலத்தைத் தடையின்றிக் காட்டுவதால் முதல் வகையே பெரிதும் பரவியது.

வரலாறு: இவ்வினத்தின் மூலபுருஷனாகக் கொள்ளத்தக்கது, 1936இல் ஜெர்மனியில் முதன்முதல் பறந்த ஃபீஸ்லர் ஷ்டோர்ஹ் ஆகும். நீண்டு மெலிந்த கால்களும் முன்விளிம்பு முழுதும் ஓடிய ஸ்லாட்டும் கொண்ட அது, மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்திலும் காற்றில் நிலைத்தது. எதிர்க்காற்று வாய்த்தால் 20 மீட்டர் அளவான இடத்திலேயே இறங்கி நின்றது. அமெரிக்காவில் 1938 முதல் வெளிவந்த பைப்பர் ஜே-3 கப், பின்னர் 65 குதிரைச்சக்தி இயந்திரம் பெற்று, பல்லாயிரம் பேருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தது.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இவ்வினத்துக்கு ஒரு பொற்காலத்தைத் தொடங்கி வைத்தது. அம்மாதம் 16ஆம் நாள் கனடாவில் டி ஹாவிலண்ட் பீவரும், 31ஆம் நாள் சோவியத் நாட்டில் அன்டோனோவ் ஆன்-2வும் முதன்முதல் எழுந்தன. பீவரை வரைந்தவர்கள், காட்டுப் பிரதேசங்களில் பறந்து பழகிய விமானிகளிடமே அவர்களுக்கு வேண்டுவன யாவை என்று கேட்டறிந்தனர். எண்ணெய்ப் பீப்பாயை உருட்டி ஏற்றத்தக்க அகன்ற கதவுகளும், இருக்கையில் அமர்ந்தவாறே இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றும் வாயும் அதற்கு அமைந்தன. இரட்டை இறக்கையும் 1,000 குதிரைச்சக்தியும் உடைய ஆன்-2, 18,000க்கு மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்டது. அதன் ஸ்லாட்டுகள் வேகம் குறைந்ததும் தாமே திறந்துகொள்ளும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் தாய்நாடாகிய ஜெர்மனியில் விமானம் கட்டத் தடையிருந்த காலத்தில் டார்னியர் நிறுவனத்தார் ஸ்பெயினில் தொடங்கிய முயற்சி டோ-27 ஆக முதிர்ந்தது. விலங்கியல் அறிஞர் கிர்சிமெக் தம் மகனோடு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி விலங்குகளைக் கணக்கெடுத்தது, வரிக்குதிரைக் கோலம் தீட்டிய இவ்விமானத்திலேதான். அதன் வழியில் இரண்டு இயந்திரங்களையுடைய டோ-28உம், 1981இல் 19 பேர் அமரும் டார்னியர் 228உம் தோன்றின.

இந்தியாவில்: 1932 அக்டோபர் 15இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொணர்ந்த தபாலை, அங்கிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்குச் சேர்த்தவர் நெவில் வின்சென்ட். இருவரும் ஓட்டியது ஒற்றை இயந்திரமுடைய புஸ் மாத் விமானமே. சுதந்திரத்துக்குப் பின் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, பறப்புக் கழகங்களுக்காகப் புஷ்பக் (1958), ராணுவப் பார்வைக்காகக் கிருஷக் (1959), வயல்களில் மருந்து தெளிக்கப் பசந்த் (1972) ஆகியவற்றைப் படைத்தது. பீவரின் பெரிய உருவமாகிய ஆட்டர், விமானப்படையில் சேர்ந்து, 1962 சீனப் போரில் வாலோங் போன்ற எல்லைப்புறத் திடல்களில் இறங்கிப் பணியாற்றியது. டார்னியர் 228ஐக் கட்டும் உரிமை 1983இல் பெறப்பட்டுக் கான்பூரில் உற்பத்தி நடைபெறலாயிற்று.

கடலூர், சிதம்பரம் பகுதியில்: இப்பகுதி அறிந்த விமானம் டார்னியரே. 1981இல் தொடங்கிய வாயுதூத் நிறுவனம், பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குரிய நெய்வேலித் தளத்தைச் சென்னையோடு இணைத்தது இவ்விமானத்தால்தான். கடலோரக் காவற்படையின் டார்னியர்கள் புயற்காலத்தில் ஆழ்கடலிலுள்ள விசைப்படகுகளைத் தேடிச் சென்று கரை திரும்புமாறு வானொலியில் எச்சரிக்கின்றன. பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகியவற்றின் முகத்துவாரங்களும் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடும் தொடர்ந்து கிடக்கும் இக்கரையை நுணுகிப் பார்க்கத் தாழவும் மெல்லவும் பறக்கும் விமானமே ஏற்றது. 2015 ஜூன் 8ஆம் நாள் இரவு இத்தகைய காவற்பணியில் மூவரோடு மறைந்த டார்னியர், நீர்மூழ்கிக் கப்பலான சிந்துத்வஜ் கேட்டறிந்த ஒலிக்குறியைப் பின்பற்றி, அடுத்த மாதம் இக்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் கண்டெடுக்கப்பட்டது.

விமானிகளின் அபிமானம்: வேகவிமானத்தில் கருவிகள் செய்யும் நிதானத்தை இங்கே மனிதனே செய்ய வேண்டியிருக்கிறது. காற்றின் திசையைப் புல்லின் சாய்விலும் குளத்தின் அலையிலும் கண்டு, மண் ஈரமா உலர்ந்ததா என்று ஒருமுறை தாழப் பறந்து பார்த்து, எங்கே சக்கரம் தொடவேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கும் விமானிக்குத் தன் தொழிலின்மேல் தனியான பெருமிதம் உண்டாகிறது. துணிபோர்த்த உடலையும் எளிய இயந்திரத்தையும் களத்திலேயே செப்பனிட முடிவதும், சிறு பிழையைப் பொறுத்துச் சிந்திக்க அவகாசம் தரும் மந்தகதியும் அந்த அன்பை வளர்க்கின்றன. மெதுவாகப் பறப்பது அபாயம் என்று சொல்வோரும் உளர். தன் இறக்கையின் வரம்பை அறிந்தவனுக்கு அந்த அச்சம் பொருந்தாது.

தற்கால நிலை: ஹெலிகாப்டர் பலவிடங்களில் இவற்றின் ஸ்தானத்தைப் பற்றிக்கொண்டது. எனினும், கான்பூரில் கட்டிய டார்னியர் 2022 ஏப்ரலில் திப்ரூகர்–பாசிகாட் வழியில் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. சிற்றூர்களை வான்வழி இணைக்கும் உடான் திட்டத்தில் நெய்வேலியும் இடம்பெற்றது. ஓடுபாதை குறுகிய ஊர்களுக்கு வான்வழி வேண்டுமாயின், அதற்கு உரியவை இவ்வின விமானங்களே.