தவணையில் வந்த எந்திரம்

தையல் தமிழகத்தில் பழந்தொழிலே ஆயினும் பெருந்தொழிலாக இருந்ததில்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் கைவினைஞரைச் சொல்லிவரும்போது துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைப்போரையும் தனித்தனியே குறிக்கிறது. முல்லைப்பாட்டோ, பாசறையில் காவல் நின்ற யவனருக்கே மெய்ப்பை, அதாவது சட்டை, அணிவித்துக் காட்டுகிறது. வேட்டியும் சேலையும் தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்தத் தக்கவை ஆதலால், நெசவாளருக்கு அமைந்த ஊரும் தெருவும் தையற்காரருக்கு நெடுங்காலம் அமையவில்லை. சட்டையும் ரவிக்கையும் எளிய வீடுகளுக்கும் பரவிய காலமும் தையல் எந்திரம் வந்து சேர்ந்த காலமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தமையே இத்தொழிலின் போக்கை மாற்றியது.

அவ்வெந்திரம் தன் பிறப்பிடத்தில் தையற்காரரின் பகையாகவே தோன்றியது. பிரான்சின் பார்த்தெலமி திமோனியே 1830இல் காப்புரிமை பெற்ற எந்திரங்களைக் கொண்டு பாரிஸில் படைவீரர்களுக்குச் சீருடை தைக்கும் பட்டறை ஒன்று நடந்தது. பிழைப்புப் போகும் என அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் அதனுள் புகுந்து எந்திரங்களை நொறுக்கினர். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்ற எந்திரம், நுனியருகே காதுடைய ஊசி மேல்நூலைத் துணிக்குக் கீழே இறக்க, அங்கே ஓடும் ஓடம் அடிநூலை அந்நூலின் வளையத்துக்குள் செலுத்தும் இருநூல் தையலைப் போட்டது. ஐசக் சிங்கர் 1851இல் அதனை உறுதியான, நடைமுறைக்கு ஏற்ற எந்திரமாக்கினார். ஆயினும் அதனைத் தொழிலாளியின் கைக்குக் கொண்டுசேர்த்தது பொறியியல் அன்று; சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856இல் தொடங்கிய தவணை விற்பனையே. முன்பணம் சிறிது கட்டி எந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், அதில் தைத்து ஈட்டிய கூலியிலிருந்தே மீதியை மாதந்தோறும் அடைக்கலாம் என்னும் ஏற்பாடு, முதலாளியிடம் போகாமலே ஒருவர் எந்திரத்துக்கு உடையவராக வழி திறந்தது.

1877இல் இலங்கையில் கால்பதித்த சிங்கர் நிறுவனம் இந்தியச் சந்தையையும் பிடித்தது. 1930களில் கல்கத்தாவின் உஷா எந்திரம் அதனோடு போட்டியிட்டது. தமிழ்நாட்டு ஊர்களில் ஜவுளிக்கடைத் திண்ணையே தையற்கடை ஆயிற்று. துணி எடுத்தவர் அங்கேயே அளவு கொடுப்பார் அல்லது அளவுச் சட்டை ஒன்றைத் தருவார். தொழில் பழக வந்த சிறுவன் முதலில் காஜா எடுக்கவும் பட்டன் கட்டவும் கற்று, அதன்பின் மிதிக்கட்டையில் கால் வைப்பான். வெட்டும் கத்தரிக்கோல் அவன் கைக்கு வருவது கடைசியில்தான். கூலி குறைவாயினும் எந்திரம் தையற்காரருடையதாக இருந்தது என்பது சிறிய செய்தி அன்று.

காந்தியடிகள் 1924இல் இளைஞர் ஜி. இராமச்சந்திரனோடு உரையாடியபோது, எந்திர எதிர்ப்பிலிருந்து சிங்கர் தையல் எந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவியின் உழைப்பைக் குறைக்கவே சிங்கர் இதனைச் செய்தார் என்று அவர் கொண்ட கருத்து சிங்கரின் வாழ்க்கையோடு பொருந்தவில்லை. எனினும், இத்தகைய எந்திரங்களைச் செய்யும் ஆலைகள் அரசின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று அவர் அப்போதே சேர்த்துச் சொன்னமை, உடைமை பற்றிய கேள்வியை அவர் தெளிவாகவே கண்டிருந்தார் என்பதைக் காட்டுகிறது. அந்த இராமச்சந்திரனே பின்னர், 1947இல், தம் மனைவி சௌந்தரம் அம்மையாரோடு திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார்.

கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் தையல் எந்திரத்தை இலவசமாக வழங்கும் தமிழ்நாடு அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டமும், எந்திரம் உழைப்பவருக்கே உரியதாக இருக்க வேண்டும் என்னும் நம்பிக்கையின் வழிவந்ததே. பின்னலாடை நகரமான திருப்பூரில் நிலைமை வேறு. அங்கே மின்சாரத்தில் ஓடும் எந்திரங்கள் நிறுவனத்துக்கு உரியவை. 'சிங்கர் டெய்லர்', 'பவர் டேபிள் டெய்லர்', 'ஓவர்லாக் டெய்லர்' தேவை என்று அறிவிக்கும் அட்டைகள் எந்திரத்தின் பெயரால் ஆளை அழைக்கின்றன. முழுச் சட்டையைத் தைக்கத் தெரிந்தவரும் அங்கே கையை மட்டுமோ கழுத்தை மட்டுமோ நாள் முழுதும் தைத்துப் பீஸ் ரேட்டுக்குக் கூலி பெறுகிறார்.