மேசையில் எழும் வழக்கு

ஒரு சிறிய பிரிட்ஜ் மன்றத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பத்துப் பன்னிரண்டு மேசைகள். வாரம் ஒருமுறை கூடுபவர்கள். பலரும் நெடுநாள் நண்பர்கள். ஏலம் கேட்கும் முறை வந்தபோது ஒருவர் வெகுநேரம் யோசித்துவிட்டு ‘பாஸ்’ என்கிறார். அவருடைய இணை ஏலத்தை உயர்த்துகிறார். ஆட்டமும் அவர்களுக்கே கிட்டுகிறது. அந்தத் தயக்கமே இணைக்குச் சேதி சொல்லிவிட்டது என்று எதிரணி நடுவரை அழைக்கிறது. நடுவரின் தீர்ப்பை ஒரு தரப்பு ஏற்கவில்லை, மேல்முறையீடு செய்கிறது. யாரிடம்? அறையில் இருக்கும் அனைவரும் அதே போட்டியில் ஆடுகிறவர்கள் ஆயிற்றே!

இந்தக் கேள்வி பிரிட்ஜைவிட மூத்தது. அதன் முன்னோடியான விஸ்ட் ஆட்டத்துக்கு 1864இல் லண்டனில் பால்ட்வின் தொகுத்த சட்டநூல் வெளிவந்தது. அதனுடன் ஆட்டமுறை பற்றி எழுதிச் சேர்த்தவர் ஜேம்ஸ் கிளே. ஹல் நகரின் நாடாளுமன்ற உறுப்பினர். சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லாத வழக்குகளில் அவர் சொல்வதே முடிவாகக் கொள்ளப்பட்டது. அவர் 1873இல் மறைந்தபின், ‘கேவண்டிஷ்’ என்ற புனைபெயரில் எழுதிய ஹென்றி ஜோன்ஸ் அத்தீர்ப்புகளைத் திரட்டி, 1879இல் வெளியிட்ட தம் நூலில் சேர்த்தார். மேல்முறையீடு என்பது அன்று ஒரு தனிமனிதரின் பெருமதிப்பைச் சார்ந்து நின்றது.

1925இல் ஹெரால்டு வாண்டர்பில்ட் இன்றைய காண்டிராக்ட் பிரிட்ஜுக்கு வடிவம் கொடுத்தார். போட்டிகள் பெருகின, தனிமனிதரின் இடத்தை நடுவரும், அவருக்கு மேலே ஒரு குழுவும் எடுத்துக்கொண்டனர். இன்றைய விதிகளில் 92, 93 ஆகிய இரண்டும் இதற்கானவை. வேறு ஏற்பாடு இல்லையெனில், மதிப்பெண் வெளியாகி முப்பது நிமிடங்களுக்குள் முறையிட வேண்டும். இணையில் இருவரும் இசைய வேண்டும். ஒருவருடைய கோபம் மட்டும் போதாது. குழு நடுவரின் மதிப்பீட்டை மாற்றலாம். ஆனால் சட்டத்தின் பொருள் இன்னது என்று அவர் சொன்னதை மாற்ற முடியாது.

குழுக்கள் எதை விசாரிக்கக் கூடாது என்பதற்கு 1965 ஒரு பாடம். பியூனஸ் அயர்ஸில் நடந்த உலகப் போட்டியில், பிரிட்டனின் டெரன்ஸ் ரீஸும் போரிஸ் ஷபிரோவும் சீட்டைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் ஹார்ட்ஸ் சீட்டுகளின் எண்ணிக்கையைத் தெரிவித்தனர் என்று குற்றம் சாட்டப்பட்டது. உலக பிரிட்ஜ் சம்மேளனம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. லண்டனில் வழக்கறிஞர் சர் ஜான் ஃபாஸ்டர் தலைமையில் நடந்த விசாரணையோ, ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று 1966இல் முடிவு கூறியது. சம்மேளனம் தன் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. ரீஸ் ஒரு நூல் எழுதினார். குற்றம் சாட்டிய தரப்பின் ஆலன் டிரஸ்காட் இன்னொன்று எழுதினார். ஒருவர் நேர்மையானவரா என்ற கேள்வியைச் சீட்டாட்ட மேசையில் எழுப்பினால் அதற்கு முடிவே கிடையாது.

அன்றாடத் தகராறுகளில் விதிகள் அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிடுகின்றன. யோசிப்பது குற்றமன்று. இணையின் தயக்கத்தால் தனக்குத் தெரிந்ததைப் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். எனவே ‘இவர் ஏமாற்றினாரா?’ என்று 16ஆம் விதி கேட்பதில்லை. ‘இதே தரத்து ஆட்டக்காரர்கள் இந்தச் சீட்டுகளுடன் வேறு எதைக் கருதியிருப்பார்கள்?’ என்றே கேட்கிறது. வேறு வழி இருந்தும் தயக்கம் காட்டிய வழியிலேயே ஒருவர் சென்றிருந்தால் மதிப்பெண் திருத்தப்படும். இது தண்டனையன்று, எதிரணிக்கு நேர்ந்த இழப்பைச் சரிசெய்வது. ஆனால் அதே விதிநூல் ‘தவறிழைத்த தரப்பு’ என்ற சொல்லை இன்றும் விடவில்லை. மன்றங்களில் மனம் புண்படுவது பெரும்பாலும் தீர்ப்பால் அன்று, அந்தச் சொல்லால்தான்.

குழு இல்லாத இடத்தில் தலைமை நடுவரே முறையீட்டைக் கேட்க வேண்டும் என்கிறது 93ஆம் விதி. ஒரே நடுவர் உள்ள மன்றத்தில், தன் தீர்ப்பின் மீதான வழக்கைத் தானே விசாரிக்கும் விசித்திரம் இது. இதற்குச் சற்றே மருந்தாவது 83ஆம் விதி: தன் தீர்ப்பு மறுபரிசீலனைக்கு உரியது என்று தோன்றினால், முறையிடும் உரிமையை நடுவரே எடுத்துச் சொல்ல வேண்டும். தன் பிழைக்கான வாய்ப்பைத் தானே அறிவிக்கும் நீதிபதியை வேறெங்கே காண்போம்?

உலகப் போட்டிகளில் இன்று குழுக்களின் இடத்தில் ஒரு மறு ஆய்வாளர் இருக்கிறார். நடுவர் முதலில் தொடர்பில்லாத ஆட்டக்காரர்கள் சிலரிடம் அந்தச் சீட்டுகளைக் காட்டி ‘நீங்கள் என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்கிறார்; முறையாகக் கேட்டாரா என்பதை ஆய்வாளர் பார்க்கிறார். சிறிய மன்றமும் இதைச் செய்யலாம். பெயர்களை மறைத்துச் சீட்டுகளை மட்டும் எழுதி, வெளியூரில் உள்ள அனுபவசாலி ஒருவரிடம் கேட்டால் போதும். கிளேயிடம் வழக்குகளைக் கொண்டு சென்றவர்கள் நாடியதும் இதைத்தான்: அந்த மேசையில் உட்காராத ஒருவரின் கண். அது கிடைத்தால், தோற்றவரும் அடுத்த வாரம் அதே நாற்காலிக்கு வருவார்.